பிவிசி பைப்பில் பிடித்த ஓதம்: எம்2 சுத்தமாக வரும், எஸ்2, கே1 ஏன் வராது

வீட்டில் செய்த கருவியை வைத்துக் கடல் ஓதத்தை, அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி வற்றுவதை, அளந்தால், வரும் எண்களில் எதை நம்பலாம், எதைச் சந்தேகப்பட வேண்டும் என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஓதத்தைச் சந்திரன், சூரியன் ஓட்டத்துக்கு ஏற்பத் தனித்தனி அலைகளாக, அதாவது கூறுகளாகப் பிரிப்பார்கள், தலைப்பில் உள்ள எம்2, எஸ்2, கே1 அவற்றின் பெயர்கள். கருவி செய்வது சுலபம். கணக்கும் பயப்படுகிற அளவுக்கு இல்லை. ஆனால் கருவியின் பிழை ஓதம் மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு கணக்குக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம்.

இடம் பினாங்குத் தீவின் தென்கிழக்கு, பத்து மாவுங் பக்கம். நண்பரின் மாமா படகு கட்டும் ஒரு மரத்துறை அங்கே இருக்கிறது. 2025 தொடக்கத்தில், மழை குறைந்து வெயில் கொளுத்தும் மாதங்களில், அதன் தூண் ஒன்றில் ஆறு அங்குல பிவிசி பைப்பைச் செங்குத்தாகக் கட்டினேன். மாமாவிடம் நாள் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. "பௌர்ணமி கழிஞ்சு ரெண்டாம் நாள் வா தம்பி, அன்னிக்குத்தான் தண்ணி நல்லா இறங்கும், தூணோட அடி வரைக்கும் தெரியும்" என்றார். பௌர்ணமியன்றே அல்ல, கழிந்து இரண்டாம் நாள். இதற்குக் கணக்கில் ஒரு விடை இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

பைப்பின் அடியை மூடி, பதினைந்து மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று மட்டும் போட்டேன். பைப்பின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது பழைய ஓதமானிகளில் கையாண்ட அளவு. படகு போகும்போது எழும் சின்ன அலை உள்ளே வராது, மணிக்கணக்கில் ஏறி இறங்கும் ஓதம் தடையில்லாமல் வரும். ஓட்டையைச் சுற்றிச் செம்புத் தகடு வைத்தால் சிப்பியும் பாசியும் சீக்கிரம் பிடிக்காது. இதை விடக்கூடாது, ஓட்டை அடைபட ஆரம்பித்தால் உள்ளே தண்ணீர் தாமதமாக ஏறும், கணக்கில் எல்லாக் கூறுகளும் பின்தங்கிக் காட்டும். பைப் நடுவில் ஜாயின்ட் இல்லாமல் ஒரே நீளமாக இருக்கட்டும். மேலே வைக்கும் சென்சார் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தண்ணீரின் தூரத்தை அளக்கும். ஜாயின்ட்டின் விளிம்பில் ஒலி பட்டுத் திரும்பினால் அதையே தண்ணீர் என்று நம்பிவிடும்.

மேலே தண்ணீர் புகாத அல்ட்ராசோனிக் சென்சார், ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி வகை. குட்டிக் கணினியாக ஒரு இஎஸ்பி32 போர்டு, நேரத்துக்கு டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லு, ஒரு மெமரி கார்டு, சின்ன சோலார் பலகை. ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, ஒரு நிமிடம் தொடர்ந்து அளந்து, அந்த அளவுகளின் இடைநிலையை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை) மட்டும் எழுதிவிட்டுத் தூங்கும். சராசரி எடுக்க வேண்டாம், ஒரே ஒரு பொய்யான எதிரொலி வந்தாலும் சராசரி கெட்டுவிடும், இடைநிலை அசையாது. நேரம் யூடிசியில்தான், அதாவது உலகப் பொது நேரத்தில். இதில் பிடிவாதமாக இருங்கள். மலேசிய நேரத்தையும் யூடிசியையும் கலந்துவிட்டால் எட்டு மணி நேரம் நகர்ந்து, எம்2 கட்டத்தில் (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லும் கோணத்தில்) 231.87 பாகை தள்ளிப்போகும்.

இந்த எம்2 என்ன, எஸ்2 என்ன என்று கேட்பவர்களுக்கு: கடல்மட்டம் ஏறி இறங்குவதைப் பல கோசைன் அலைகளின் கூட்டாக எழுதலாம், ஒவ்வொரு அலையின் வேகமும் வானத்தில் சந்திரனும் சூரியனும் நகரும் வேகங்களிலிருந்து முன்கூட்டியே தெரியும். வேகத்தை நாம் தேட வேண்டியதில்லை, அலையின் உயரமும் (வீச்சு) தாமதமும்தான் (கட்டம்) தெரியாதவை. 1860களில் வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு, இந்த வழியைத் தொடங்கினார். 1883 அறிக்கையில் ஜார்ஜ் டார்வின், சார்ல்ஸ் டார்வினின் மகன்தான், அதை விரிவாக வகுத்தார். 1921இல் ஆர்தர் டூட்சன் சந்திரனின் அசைவை இன்னும் நுட்பமாகப் பிரித்து நூற்றுக்கணக்கான கூறுகளாக எழுதினார். நமக்கு அத்தனையும் தேவையில்லை. சந்திரனால் அரைநாள் கூறு எம்2, காலம் 12.42 மணி நேரம். சூரியனால் எஸ்2, சரியாக 12 மணி. சந்திரன் பூமிக்கு அருகே வந்து விலகுவதால் வரும் என்2, 12.66 மணி. ஒருநாள் கூறுகளில் கே1 23.93 மணி, ஓ1 25.82 மணி. ஆழம் குறைந்த கடலில் எம்2 தன் வடிவம் சிதைந்து பிறப்பிக்கும் எம்4, 6.21 மணி. மலாக்கா நீரிணையில் அரைநாள் கூறுகள்தான் பெரியவை, அதனால்தான் பினாங்கில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம்.

பதிவை அதிர்வெண்களாகப் பிரிக்கும் வழக்கமான கணக்கான எஃப்எஃப்டி போட்டால் போதாதா? போதாது. எஃப்எஃப்டி தன் சொந்த அதிர்வெண்களை வைத்துக்கொள்ளும், எம்2 அவற்றில் ஒன்றின் மேல் சரியாக உட்காராது, பக்கத்து அதிர்வெண்களில் சிந்தும். நடுவில் டேட்டா விடுபட்டாலும் அதற்கு ஆகாது. அளவுக்கும் கணக்குக்கும் உள்ள வித்தியாசங்களின் வர்க்கக் கூட்டை மிகக் குறைவாக்கும் மீச்சிறு வர்க்க முறைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு கூறுக்கும் ஒரு கோசைன், ஒரு சைன், இவற்றோடு ஒரு சராசரி, எட்டுக் கூறு எடுத்தால் தெரியாதவை பதினேழு. நம்மிடம் பதினான்காயிரத்துக்கும் மேல் அளவுகள் இருக்கின்றன. நம்பை (NumPy) என்ற பைத்தான் நூலகத்தில் இதற்கு ஒரே ஒரு லீஸ்ட் ஸ்கொயர்ஸ் அழைப்பு. கோசைன், சைன் குணகங்களின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் வீச்சு, இரண்டின் விகிதத்திலிருந்து கட்டம். யூடைட் என்ற பைத்தான் நூலகம் இதையெல்லாம் தானே செய்யும், பிழை அளவையும் தரும். ஆனாலும் முதல் தடவை கையால் எழுதிப் பாருங்கள், முப்பது வரிகூட வராது, உள்ளே என்ன நடக்கிறது என்று அப்புறம் என்றைக்கும் மறக்காது.

எவ்வளவு நாள் பதிவு வேண்டும்? வேகம் நெருக்கமான இரண்டு கூறுகளைப் பிரிக்க, அவற்றுக்கிடையே ஒரு முழுச் சுற்று வித்தியாசம் விழும் வரை காத்திருக்க வேண்டும். எம்2 மணிக்கு 28.984 பாகை, எஸ்2 மணிக்கு 30 பாகை. வித்தியாசம் 1.016. 360ஐ இதால் வகுத்தால் 354.4 மணி, அதாவது 14.77 நாள். நம் பஞ்சாங்கத்தில் ஒரு பட்சம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பெருக்கு (ஏற்றமும் வற்றமும் மிகப் பெரிதாவது) வருவதும், அட்டமியை ஒட்டி ஓதம் சோர்ந்துபோவதும் இந்த இரண்டு கூறுகளும் சேர்ந்தும் விலகியும் போவதால்தான், சுருதி கொஞ்சம் விலகிய இரண்டு தந்திகளைச் சேர்த்து மீட்டினால் ஒலி ஏறி இறங்குமே, அப்படி. மாமா சொன்ன "ரெண்டாம் நாள்" இங்கேதான் ஒளிந்திருக்கிறது: எஸ்2இன் கட்டத்திலிருந்து எம்2இன் கட்டத்தைக் கழித்து 1.016ஆல் வகுத்தால், பௌர்ணமி கழிந்து எத்தனை மணி நேரத்தில் பெருக்கு உச்சம் தொடும் என்று வந்துவிடும். 36 பாகை வித்தியாசம் என்றால் 35 மணி, ஒன்றரை நாள். எங்கள் துறைக்கு வந்த விடையும் மாமா சொன்ன பக்கம்தான் நின்றது, அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

எம்2இலிருந்து என்2ஐப் பிரிக்க 27.55 நாள். இரண்டு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாக என்னிடம் பதிவு இருந்ததால் இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் எஸ்2இன் வேகத்துக்கு மிகப் பக்கத்தில் கே2 என்று ஒரு கூறு இருக்கிறது, கே1க்குப் பக்கத்தில் பி1. இந்த இரு ஜோடிகளுக்கும் 182.6 நாள், அரை வருடம் வேண்டும். இரண்டு மாதப் பதிவில் கே2 எஸ்2க்குள் கலந்துவிடும், பி1 கே1க்குள் கலந்துவிடும். பாடப்புத்தகத் தீர்வு, கோட்பாட்டு விகிதத்தை வைத்து ஊகிப்பது: கே2 எஸ்2இல் 0.27 பங்கு, பி1 கே1இல் 0.33 பங்கு. அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு.

பினாங்கில் நில அளவை, வரைபடத் துறையின் ஓதமானி 1980களிலிருந்து ஓடுகிறது, அதன் மணிநேர அளவுகளை ஹவாய் பல்கலைக்கழகக் கடல்மட்ட மையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். மில்லிமீட்டரில், யூடிசியில் இருக்கும். விடுபட்ட இடங்களில் -32767 என்று இருக்கும், அதை முதலில் நீக்கிவிட வேண்டும். என் கருவி ஓடிய அதே நாட்களுக்கான பதிவு அங்கே வரும்வரை காத்திருந்து, இரண்டுக்கும் ஒரே கூறுகள், ஒரே கால எல்லை வைத்து ஒரே கணக்கைப் போட்டேன். பிறகு விடைகளை ஒன்றையொன்று வகுத்தேன். கே2 எஸ்2க்குள் கலந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் கலந்திருக்கும், வகுத்தால் போய்விடும்.

ராகு கேது சங்கதியும் அப்படியே போய்விடும். சந்திரனின் பாதை சூரியன் பாதையை வெட்டும் அந்த இரண்டு புள்ளிகள் வானத்தை ஒருமுறை சுற்றி வர 18.6 வருடம். அந்தச் சுற்றில் எம்2இன் வீச்சு 3.7 சதவீதம் கூடிக் குறையும், கே1 சுமார் 11 சதவீதம், ஓ1 கிட்டத்தட்ட 19 சதவீதம். 2025 தொடக்கம் இந்தச் சுற்றின் ஒரு முனை, எம்2 மிகச் சிறியதாகவும் கே1, ஓ1 மிகப் பெரியதாகவும் இருக்கும் காலம். இதைத் திருத்தாமல் பழைய அட்டவணையோடு நேரடியாக ஒப்பிட்டால் நம் கருவி குறைவாகக் காட்டுகிறது என்று வீணாகக் குழம்புவோம். ஒரே கால எல்லையில் வகுத்தால் அந்தக் குழப்பம் இல்லை.

இனி அந்த வகுத்த விடைகள். இரண்டு இடமும் ஒரே தீவின் கிழக்குக் கரையில், சுமார் பதினைந்து கிலோமீட்டர் தூரத்தில். ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் உள்ள விகிதம் அதிர்வெண்ணோடு மெல்லத்தான் மாற வேண்டும், திடீரென்று குதிக்கக் கூடாது. கடல் ஒவ்வொரு கூறையும் பெயர் பார்த்து நடத்துவதில்லை, மணிக்கு 28.4 பாகையில் வருவதையும் 30 பாகையில் வருவதையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கொண்டுபோகும். வால்டர் மங்க், டேவிட் கார்ட்ரைட் இருவரும் 1966இல் ஓதக் கணிப்பை இந்த எண்ணத்தின் மேல்தான் கட்டினார்கள். அதையே கருவியின் பிழையைப் பிடிக்கும் வலையாகவும் பயன்படுத்தலாம்.

என் விடையில் என்2இன் விகிதமும் எம்2இன் விகிதமும் ஒட்டி நின்றன. எஸ்2 மட்டும் சில சதவீதம் தள்ளி நின்றது. கே1 இன்னும் அதிகம். ஓ1உம் லேசாகக் கோணியிருந்தது. கடிகாரப் பிழையா என்று முதலில் பார்த்தேன், அதற்குச் சோதனை சுலபம்: கடிகாரம் பத்து நிமிடம் தப்பென்றால் எல்லாக் கூறுகளின் கட்டமும் தத்தம் வேகத்துக்கு ஏற்ப நகரும், எம்2 4.8 பாகை, கே1 2.5 பாகை என்று ஒரே கோட்டில் நிற்கும். இங்கே அப்படி இல்லை. தப்பு பெரும்பாலும் சூரியனோடு சம்பந்தப்பட்ட கூறுகளிடம்தான் இருந்தது.

காரணம் பைப்புக்குள் இருக்கும் காற்று. ஒலியின் வேகம் 30 டிகிரியில் நொடிக்கு 349.5 மீட்டர், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.6 மீட்டர் கூடும். ஒலி வேகத்தைக் கணக்கிடச் சென்சாரின் நிழலில் வைத்த வெப்பமானி 32 காட்டும்போது, வெயிலில் நிற்கும் சாம்பல் நிற பைப்புக்குள் அதைவிடப் பத்து டிகிரி கூட இருக்கலாம். தண்ணீர் இரண்டரை மீட்டர் கீழே இருந்தால், பத்து டிகிரிக்கு 43 மில்லிமீட்டர் பிழை. சூடான காற்றில் ஒலி சீக்கிரம் திரும்பும், தண்ணீர் நான்கு சென்டிமீட்டர் ஏறியதாகக் கணக்கு சொல்லும். தினமும் பகலில் ஏறும், இரவில் இருக்காது. இது 24 மணிக் காலம் கொண்ட ஒரு பொய் ஓதம், வீச்சு சுமார் இரண்டு சென்டிமீட்டர். கே1இலிருந்து இதைப் பிரிக்க ஒரு வருடம் வேண்டும், எனவே இரண்டு மாதப் பதிவில் அப்படியே கே1க்குள் போய் விழும்.

எஸ்2க்குள் எப்படிப் போனது? பகலில் மட்டும் சூடேறி இரவில் தட்டையாகக் கிடக்கும் வளைவு சுத்தமான சைன் அலை இல்லை. அதை ஃபூரியே கூறுகளாக, அதாவது சுத்தமான சைன் அலைகளாகப் பிரித்தால் 12 மணிக் கூறு ஒன்று கிடைக்கும், முதல் கூறில் பத்தில் நான்கு பங்கு. சுமார் ஒன்பது மில்லிமீட்டர். அதன் காலம் துல்லியமாக 12 மணி என்பதால், எத்தனை வருடம் அளந்தாலும் எஸ்2இலிருந்து பிரியாது.

ஓ1 விஷயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. சந்திரனின் கூறு அது, வெயில் எப்படி அதைத் தொடும்? பிழை தூரத்துக்கு ஏற்ப வளர்வது. தண்ணீர் கீழே இருந்தால் பிழை அதிகம், மேலே இருந்தால் குறைவு. அந்தத் தூரமோ எம்2 வேகத்தில் கூடிக் குறைகிறது. ஆக, 24 மணி வெப்பமும் எம்2உம் ஒன்றையொன்று பெருக்குகின்றன. இரண்டு கோசைன்களைப் பெருக்கினால் கூட்டலும் கழித்தலும் வரும் என்று ஐந்தாம் படிவத்திலேயே படித்திருக்கிறோம். 28.984இலிருந்து 15ஐக் கழித்தால் மணிக்கு 13.984 பாகை. ஓ1 வேகம் 13.943. இரண்டையும் பிரிக்கவும் ஒரு வருடம் தேவை! அளவு இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். ஆனால் ஓ1 இங்கே சின்னக் கூறு, அதற்கு அதுவே போதும். காகிதத்தில் இந்தக் கழித்தலைப் போட்டு 13.984 வந்ததும் எழுந்து நடந்தேன், அவ்வளவு அழகாக இருந்தது.

எம்2க்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வெயில், மின்சாரம், காற்று, படகுகள் போய் வரும் நேரம், மனிதனும் வானிலையும் செய்யும் எதுவும் 12.42 மணிக் காலத்தில் திரும்பத் திரும்ப நடப்பதில்லை. சந்திரன் ஒன்றுதான் அந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது. மலிவான சென்சாராக இருந்தாலும் எம்2 சரியாகவே வரும். கருவி நன்றாக வேலை செய்கிறது என்று காட்ட எம்2ஐ மட்டும் ஒப்பிட்டுக் காட்டும் பதிவுகளை நான் இப்போதெல்லாம் ஏற்பதில்லை, எஸ்2ஐயும் கே1ஐயும் காட்டட்டும்.

சரி, தீர்வு. பைப்பை வெள்ளை அடித்தேன், மேல்பகுதியில் காற்றோட்டத்துக்கு ஓட்டைகள் போட்டேன். அதோடு, பக்கத்தில் அதே மாதிரி ஒரு குட்டை பைப், உள்ளே சரியாக ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு தகடு, மேலே இன்னொரு அதே வகை சென்சார். தகடு நகராது. எனவே அது ஒரு மீட்டரைவிடக் குறைத்துக் காட்டினால் அந்த நேரத்து ஒலி வேகம் கூடியிருக்கிறது என்று அர்த்தம், அந்த விகிதத்தாலேயே தண்ணீர் அளவைத் திருத்திவிடலாம். வெப்பமானியே வேண்டியதில்லை. பைப்புக்குள் மேலேயும் கீழேயும் வெப்பம் ஒரே மாதிரி இருக்காது என்பதால் நூற்றுக்கு நூறு போகாது, ஆனாலும் அடுத்த சுற்றுப் பதிவில் எஸ்2 என்2, எம்2 வரிசைக்குள் வந்து நின்றது, கே1இன் தள்ளல் பெருமளவு குறைந்தது.

ஒலிக்குப் பதிலாகத் தண்ணீருக்குள் அழுத்த சென்சார் போடலாமே என்று நண்பர் கேட்டார். போடலாம், ஆனால் வெப்பமண்டலத்தில் காற்றழுத்தமே ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது, சூரிய நேரம் காலை பத்து, இரவு பத்து வாக்கில் உச்சம். பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவதே ஒன்றேகால் மணிக்கு மேல்தான், ஆக நம் கடிகாரத்தில் பதினொன்றேகால் தாண்டி. வீச்சு ஒரு ஹெக்டோபாஸ்கல் அளவு, தண்ணீரில் ஒரு சென்டிமீட்டர். மேலே தனியாக ஒரு காற்றழுத்தமானி வைத்துக் கழிக்காவிட்டால் அதுவும் நேராக எஸ்2இல்தான் போய்ச் சேரும்.

கணக்கிட்ட ஓதத்தைப் பதிவிலிருந்து கழித்தால் மிஞ்சும் எச்சத்தைப் பற்றியும் கொஞ்சம். பினாங்கு நிலையத்தின் நீண்ட பதிவில் 2004 டிசம்பர் 26ஐ எடுத்துப் பார்த்தேன். பௌர்ணமி நாள். நிலநடுக்கம் நம் நேரம் காலை 8:58க்கு, அலை இங்கே வந்தது மதியத்துக்குப் பிறகு. பினாங்கில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போன நாள் அது. மணிக்கு ஒரு புள்ளி வைத்த பதிவில் சில பத்து நிமிடக் காலம் கொண்ட சுனாமி அலைகளின் வடிவம் தெரியாது, புள்ளி எங்கே விழுந்ததோ அந்த உயரம் மட்டும்தான் கிடைக்கும். ஆறு நிமிட இடைவெளி எனக்கு முக்கியமாகப் பட்டதற்கு அதுவும் ஒரு காரணம், இப்போது அதையும் மூன்று நிமிடமாகக் குறைத்திருக்கிறேன், சோலார் பலகை தாங்குகிறது.

ஓ1ஐ நேர் செய்ய ஒரு வருடப் பதிவு தேவை, கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. இதே வேலையைத் தீபகற்ப மலேசியாவின் கிழக்குக் கரையில், குவாந்தான் பக்கம் செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று: அங்கே கே1, ஓ1 பெரிய கூறுகள், அவை இரண்டின் கூட்டுத்தொகையை எம்2, எஸ்2 கூட்டுத்தொகையால் வகுத்து முதலில் பாருங்கள். 0.25ஐத் தாண்டினால் கலப்பு ஓதம். அங்கே வெயில் பிழை நேராக முக்கியக் கூறின் மேலேயே விழும், ஆகவே அந்தத் தகடு வைத்த இரண்டாவது பைப்பை முதல் நாளே கட்டிவிடுங்கள்.